களத்தில் வரைந்த மரம்

எங்கள் கல்லூரியில் கணிதத் துறைக்கும் கணினித் துறைக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கின்றன. அந்தத் தூரத்தைக் கடந்து, கணிதத் துறைப் பேராசிரியையான அவர் கணினித் துறையில் இருக்கும் என்னிடம் வந்து பேச எட்டு வருடம் ஆயிற்று. அதுவரை பார்த்தால் தலையசைப்போம். தேர்வு மேற்பார்வைக்கு இருவரையும் ஒரே அறையில் போட்டால் "டீ வந்துச்சா மேடம்" என்று கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கையில் ஒரே ஒரு தாளோடு என் ஆய்வகத்துக்குள் வந்தார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டர் தேற்றத்தையெல்லாம் தானா நிரூபிக்குதாம்ல. பிள்ளைக பேசிக்கிட்டாங்க. நெசமா?"

"நெசந்தான். ஆனா ரொம்ப மெதுவா."

"எம்புட்டு மெதுவா?"

"கேள்வியப் பொறுத்து மேடம். சிலது பத்து நிமிசம். சிலது முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

அவர் சிரித்தார். "நான் மூணு வருசமா இது ஒண்ணோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். என்னைய விட மெதுவா இருக்காது" என்று சொல்லி அந்தத் தாளை என் மேசையில் வைத்தார்.

அதில் மூன்று சமன்பாடுகள் இருந்தன. நான்காவதாக ஒன்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

நாங்கள் இருவருமே திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள். அவருடையது தோல் வியாபாரக் குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாகக் கணக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்தான். நான் கல்யாணமாகி ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப்பக்கம், தொப்பம்பட்டி போகும் வழியில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். கணவர் முருங்கையும் மக்காச்சோளமும் போடுகிறவர். நான் தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வந்து போகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் மடியில் மடிக்கணினியை வைத்து எழுதி எழுதித்தான் தேற்றம் நிரூபிக்கிற அந்தக் கணினி நிரலை உருவாக்கினேன். என் முனைவர் பட்ட ஆய்வே அதுதான்.

அது செய்கிற வேலையைச் சொல்வது எளிது. சில விதிகளை அதனிடம் கொடுக்க வேண்டும். ஒரு விதியை இன்னொன்றோடு சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கும். புதிதாக வந்ததைத் தெரிந்த விதிகளால் சுருக்கிப் பார்க்கும். பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். நாம் கேட்ட சமன்பாடு எப்போதாவது வந்து விழுந்தால் நிறுத்திவிட்டு, வந்த வழியை வரி வரியாக எழுதிக் காட்டும். அதுதான் நிரூபணம்.

அவருடைய கணக்கு ஒரு வினோதமான பெருக்கலைப் பற்றியது. நமக்குத் தெரிந்த பெருக்கலில் மூன்று எண்களை எந்த இரண்டில் தொடங்கிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். அவருடைய பெருக்கலில் அடைப்புக்குறியை இடம் மாற்றினால் விடையே மாறிவிடும். மாறினாலும் அதற்குள் சில ஒழுங்குகள் உண்டு. அந்த மூன்று ஒழுங்குகளிலிருந்து நான்காவது தானாக வந்துவிடும் என்பது அவருடைய ஊகம். உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனதுக்குப் பட்டது. நிரூபிக்க முடியவில்லை.

"முதல்ல ஒரு பரீட்சை வப்போம். நான் ஏற்கெனவே கையால போட்டு முடிச்ச ஒண்ணு இருக்கு. அத உங்க மெசின் போடுதான்னு பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன் அதை ஓடவிட்டோம். அவருக்கு வகுப்பு இல்லாத நேரமெல்லாம் என் ஆய்வகத்திலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். ஒவ்வொரு பத்து தாளுக்கும் ஒருமுறை தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பார். மாலை மணி அடிக்கச் செத்த நேரம் இருக்கும்போது ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன. கீழே நிரூபணம் வரி வரியாக வந்தது.

அவர் சிவப்புப் பேனாவை மூடாமலே எழுந்து வந்து படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இதுக்கு எனக்கு ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு" என்றார். குரலில் பொறாமை இல்லை. சொந்தக்காரப் பிள்ளை மேடையேறிப் பாடியதைக் கேட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

பிறகு அந்தத் தாளில் இருந்த உண்மையான கேள்வியை ஓட்டினோம். ஒரு வாரம் ஓடியது. எட்டாவது நாள் கணினியின் நினைவகம் நிரம்பி அதுவாகவே நின்றுபோனது.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த வேலை அது. புதிதாக ஒரு சமன்பாடு வந்ததும், அதைச் சுருக்கக்கூடிய விதி இருக்கிறதா என்று என் நிரல் தேடும். எப்படித் தேடும் என்றால், சேர்த்து வைத்திருக்கும் அத்தனை விதிகளையும் முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்க்கும். நூறு விதி இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பல ஆயிரம் ஆகும்போது, நிரூபிக்கிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம்தான் முக்கால்வாசி. புத்தகத்தின் பின்னால் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு இண்டெக்ஸ் வேண்டும். அது இல்லாமலே நான் பட்டம் வாங்கிவிட்டேன்.

"அத எழுத எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டார்.

"வர்ற கோடை லீவு முழுக்கத் தேவைப்படும்."

"அப்ப எனக்கும் சொல்லிக் குடுங்க. புரியாத ஒண்ண வச்சு நான் தேற்றம் நிரூபிச்சேன்னு சொல்லிக்க மாட்டேன்."

இப்படித்தான் அந்தச் சித்திரையும் வைகாசியும் போயின. கல்லூரியில் ஈ காக்கை இருக்காது. வாட்ச்மேன் எங்கள் இருவருக்காக மட்டும் கேட்டைத் திறந்து வைப்பார். கேண்டீன் மூடியிருக்கும் என்பதால் அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய தூக்கில் சாப்பாடு வரும். "தொட்டுக்க வெஞ்சனம் என்ன வேணும்னு அம்மா கேக்குது" என்று காலையிலேயே போனில் கேட்டுவிடுவார். நான் கீழே ஒரு பழைய சேலையை விரித்துப் படுத்துக்கொண்டு எழுதுவேன். அவர் கரும்பலகையில் மரம் வரைவார்.

மரம் என்று சொன்னது அந்த இண்டெக்ஸைத்தான். என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையில் பலர் பல விதமாக எழுதிப் பார்த்துத் தேர்ந்த முறைகளில் ஒன்று. ஒவ்வொரு விதியின் இடப்பக்கத்தையும், பெருக்கல் போன்ற செய்கையின் பெயரை முதலில் வைத்து எழுதி, எழுத்தெழுத்தாக இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஒரே மாதிரி தொடங்குகிற விதிகள் எல்லாம் ஒரே பாதையில் சேர்ந்து போகும். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே பாதை கிளை பிரியும். ஒரு விதியில் 'இங்கே எது இருந்தாலும் சரி' என்று ஓர் இடம் இருந்தால், அதற்கு 'எதுவானாலும்' என்று ஒரு தனிக் கிளை. புதிய சமன்பாடு வந்தால் மேலிருந்து நடந்து போனால் போதும். ஒரு கிளையில் திரும்பும்போதே மற்றக் கிளைகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான விதிகளைப் பார்க்கவே வேண்டாம். எந்தப் பாதையின் நுனிக்கு வந்து சேர்கிறோமோ அங்கே இருப்பதுதான் பொருந்தும் விதி.

ஆனி மாதம் கல்லூரி திறந்த வாரத்தில் எழுதி முடித்தேன். சின்னச் சின்னக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தோம். பத்து நிமிடம் எடுத்ததெல்லாம் என்டர் விசையை அழுத்தி விரலை எடுப்பதற்குள் முடிந்தது. இருவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அப்புறம், அவருடைய கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு நிதானத்துக்காக, அந்த மழைக்காலத்துக் கணக்கை மறுபடி ஓட்டினோம்.

மாலை வரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நினைவகம் நிரம்பி நின்றது.

இண்டெக்ஸ் இல்லாமல் ஒரே பகலில் முடித்த கணக்கை, பல நூறு மடங்கு வேகமாக ஓடுகிற நிரல் முடிக்க மாட்டேன் என்கிறது. வேகமாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, ஊர் மட்டும் வரவில்லை.

"தப்பான விதியக் கொண்டு வந்து குடுக்குதோ?" என்று கேட்டார் அவர்.

"தப்பாக் கொண்டு வந்தாப் பரவால்ல மேடம். கடைசில ஒருவாட்டி சரி பாத்துட்டுத்தான் எடுத்துக்கும், இல்லன்னாத் தூக்கிப் போட்டுரும். கொண்டு வர வேண்டியத விட்டுட்டு வந்துச்சுன்னாத்தான் வம்பு. விட்டுட்டு வந்தத யாரும் கண்டுபிடிக்க முடியாது. இல்லாதது கண்ணுக்குத் தெரியாதுல."

மூன்று வாரம் தேடினேன். நிரலை வரி வரியாகப் படித்தேன். நானே எழுதியது என்பதால் எல்லா வரியும் சரியாகவே தெரிந்தது. வகுப்பெடுக்கும்போதும் பஸ்ஸிலும் அதே நினைப்பு. சட்டினிக்கு உப்புப் போட மறந்த நாளும் உண்டு, இரண்டு தடவை போட்ட நாளும் உண்டு. என் கணவர் இரண்டையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தோட்டத்துக்குச் சாப்பிட அழைத்தேன். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். என் மாமியார் முருங்கைக்காய்க் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர், வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுக் களத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். மக்காச்சோளம் அள்ளி முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டிப் பெருக்கிய களம், பெரிய சிலேட்டு மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"மேடம், திரையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. இங்க பெருசா வரைஞ்சு, யாரையாவது நடக்க விட்டுப் பாப்பமா?"

மாமியாரிடம் கோலப்பொடி வாங்கினோம். எங்கள் கணக்கிலிருந்து இரண்டே இரண்டு விதிகளை மட்டும் எடுத்து மரமாகப் போட்டோம். களத்தின் ஒரு முனையில் தொடக்கம். அங்கிருந்து 'பெருக்கல்' என்று ஒரு கோடு. கொஞ்ச தூரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கக் கிளையில் 'நேர்மாறு' என்று எழுதினோம். வலப்பக்கக் கிளையில் 'எதுவானாலும்'. இடப்பக்கத்தில் மேலும் நீளமாகப் போய் ஒரு விதி முடிந்தது. வலப்பக்கத்தில் அடுத்து 'ஒன்று' என்று ஒரே கோடு, அதோடு முடிந்தது. எதையும் ஒன்றால் பெருக்கினால் அதுவேதான் என்கிற விதி அது. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு தேங்காயை வைத்தோம்.

மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, ஏதாச்சும் பரிகாரங்களா?" என்று என் தோழியைக் கேட்டார்.

"இல்லம்மா, கணக்கு" என்றார் அவர்.

"அதுக்குத் தேங்கா வேணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் உள்ளே போய்விட்டார்.

நடப்பதற்கு என் கணவரைப் பிடித்தேன். இதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஒரு தரம், மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குக்கருக்கு வெயிட் போட மறந்திருந்தேன். விசில் எங்கே வரும். அவர் ஆவியைப் பார்த்துக்கொண்டு அடுப்பு முன்னாலேயே நின்றிருந்தார். "விசில் வரலியே புள்ள" என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கணினியும் அப்படித்தான்.

அவர் கையில் நான்கு சீட்டுகளை வரிசையாகக் கொடுத்து, விதிமுறையைச் சொன்னேன். என் நிரலில் எப்படி எழுதியிருந்தேனோ அப்படியே சொன்னேன்.

"ஒவ்வொரு பிரிவுலயும் கையில இருக்க அடுத்த சீட்டப் பாருங்க. அதே பேரு எழுதின வழி இருந்தா அதுல போங்க. இல்லாட்டி 'எதுவானாலும்' வழில போங்க. ரெண்டும் இல்லன்னா, ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லிட்டு வந்துருங்க."

முதலில் எளிதாக இரண்டு தடவை நடக்கவிட்டோம். சரியாகத் தேங்காயை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை என் தோழி சீட்டுகளை மாற்றிக் கொடுத்தார். பெருக்கல், நேர்மாறு, அ, ஒன்று. அதாவது 'அ'வின் நேர்மாறை ஒன்றால் பெருக்க வேண்டும்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பெருக்கல் கோட்டில் போனார். பிரிவில் நின்று அடுத்த சீட்டைப் பார்த்தார். நேர்மாறு. இடப்பக்கம் அதே பெயரில் வழி இருந்தது, அதில் திரும்பினார். அடுத்த சீட்டு 'அ'. அந்த இடத்தில் 'எதுவானாலும்' என்றுதான் இருந்தது, தாண்டினார். அடுத்து அவர் கையில் இருந்தது 'ஒன்று'. களத்தில் இருந்த கோட்டில் 'பெருக்கல்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வேறு கோடு கிடையாது.

நின்றுவிட்டார். சீட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"ஒண்ணும் கெடைக்கலீங்க டீச்சர்" என்று சொன்னார். சொல்லிவிட்டும் அங்கிருந்து நகரவில்லை.

"என்ன அண்ணே?" என்றார் தோழி.

"இல்லீங்க, எனக்கு அந்தப் பக்கத்துத் தேங்கா தெரியுது. அந்தப் பிரிவுல, இந்த நேர்மாறையும் 'அ'வையும் ஒண்ணாச் சேத்து 'எதுவானாலும்'ல போட்டுட்டா, கையில 'ஒன்று' மட்டுந்தானுங்க மிச்சம். அங்க அதேதான் எழுதியிருக்குது. திரும்பிப் போயி எடுத்துருலாம். ஆனா நீங்க திரும்பச் சொல்லலீங்களே."



கணவரே தொடர்ந்தார். "நீங்க 'இல்லாட்டி'ன்னு சொன்னீங்க. இந்த வழி இருந்துச்சு, அதனால அந்த வழிக்கு நான் போகல. அது 'இல்லாட்டி'ங்களா, 'அதுலயும்'ங்களா?"

என் தோழி கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்தபடியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு. சத்தமே வராமல், கண்ணில் நீர் வரும் சிரிப்பு.

"ஏடி" என்றார் என்னைப் பார்த்து. "இல்லாட்டின்னா எழுதி வச்சிருக்க?"

எட்டு வருடமும் ஒரு வருடமும் 'மேடம்' என்று கூப்பிட்டவர். அந்த 'டி' என் காதில் விழுந்ததை, பிழை கிடைத்ததைவிட முதலில் கவனித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

"ஆமாடி" என்றேன்.

அதுதான் பிழை. ஒரே ஒரு சொல். அச்சாகப் பொருந்துகிற வழி இருந்தால் என் நிரல் அதில் மட்டும் போயிற்று. அது முட்டுச்சந்தாக முடிந்தால், பின்னால் வந்து 'எதுவானாலும்' வழியையும் பார்க்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. சின்னக் கணக்குகளில் விதிகள் குறைவு, இரண்டு வழி பிரியும் இடமே அபூர்வம். அதனால் எல்லாம் சரியாக வந்தது. பெரிய கணக்கில் பிரிவுகள் கூடக் கூட, நிரல் தன்னிடம் இருக்கும் விதிகளையே காணாமல் விட்டுக்கொண்டு போயிருக்கிறது. எதையும் ஒன்றால் பெருக்கினால் அதுவே என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதுகூடப் புரியாமல், சுருக்கியிருக்க வேண்டியதையெல்லாம் சுருக்காமல் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்து மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

எனக்கு முதலில் வெட்கம் வந்தது. வெட்கம் முழுதாக வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் மட்டும் இன்னும் அந்த முட்டுச்சந்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நான் வந்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸிலேயே திருத்திவிட்டேன். ஒவ்வொரு பிரிவிலும், போகாத வழியை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, முட்டினால் அங்கே திரும்ப வேண்டும். பத்து வரிகூட இல்லை. ஆய்வகத்தில் மழைக்காலத்துக் கணக்கை ஓட்டிவிட்டு, டீ சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். திரும்பிப் பார்த்தால் திரையில் நிரூபணம் வந்து நிற்கிறது. டீக்குச் சொல்லாமலே கணிதத் துறைக்கு ஓடினேன்.

அன்றைக்கே அவருடைய கேள்வியை ஓட்டினோம். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. இந்த முறை நினைவகம் மெதுவாகத்தான் ஏறியது. ஓடும் எண்களைப் பார்த்து நல்லதோ கெட்டதோ சொல்ல முடியாது. அவர் வந்து எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். வியாழக்கிழமை இரண்டாம் மணி நேரத்தில், நான் யாருடைய வருகைப் பதிவையோ சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எண்கள் நின்றன.

அவர் அப்போது இரண்டாமாண்டு மாணவிகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாதி வகுப்பில் போய் நிற்கக்கூடாது என்பது எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம். நான் போய் நின்றேன். வாசலில் என்னைப் பார்த்ததும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எல்லாரும் அடுத்த கணக்கப் போட்டுப் பாருங்க. வந்துர்றேன்" என்று மாணவிகளிடம் சொல்லிவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தார். வராந்தாவில் நடக்க ஆரம்பித்தவர், தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் ஓடினார். நாற்பது வயசுக்கு மேற்பட்ட இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை அந்த வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. அன்று சாயங்காலமே கல்லூரி முழுக்கப் பேச்சு, லேப்ல பாம்பு வந்துருச்சாம் என்று.

திரை முன்னால் நின்று கடைசி வரியைப் படித்தார். அவர் தாளில் கேள்விக்குறி போட்டிருந்த அதே சமன்பாடு. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சாக்பீஸ் எங்கள் இருவர் உள்ளங்கைக்கும் நடுவில் பொடியானது.

இதோடு எல்லாம் நிறைவாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அடுத்த இரண்டு நாள் அவர் என் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போனேன். நிரூபணத்தை அச்செடுத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தார். நானூறு வரிக்கு மேல் இருந்தது.

"கோவமா?" என்றேன்.

"கோவம் இல்ல. மூணு வருசம் நான் தேடுனது எனக்குக் கிடைக்காம அதுக்குக் கிடைச்சிருச்சேன்னு ஒரு மாதிரி இருந்துச்சு. சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல." தாள்களைத் தட்டினார். "ஆனா இத எவன் படிப்பான். இது நிரூபணமே இல்ல, கந்தல். நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டாத்தான் இது எனக்கு நிரூபணம்."

ஆவணியில் ஆரம்பித்துப் பங்குனி வரை படித்தார். நான்கு நிறப் பென்சில்கள் வைத்திருந்தார். தேவையில்லாமல் சுற்றிப் போன வரிகளுக்கு ஒரு நிறம், அடித்துவிடுவார். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்ன வரிகளுக்கு ஒரு நிறம், சேர்த்துவிடுவார். நானூறு இருநூறானது, இருநூறு அறுபதானது. ஒரு நாள் மதியம் கையில் ஒரே தாளோடு ஓடி வந்தார்.

"இங்க பாருடி, இந்த ஒரு வரிதான் முதுகெலும்பு. மத்ததெல்லாம் இதச் சுத்தித்தான் நிக்குது."

பார்த்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருந்த ஒரு சமன்பாடு. அவர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் பார்வைக்குச் சம்பந்தமே இல்லை.

"இத ஏன் நான் யோசிக்கலன்னு தெரியுமா? பாக்க அழகா இருக்கு, ஆனா பிரயோசனம் இல்லாத மாதிரி இருக்கு. நான் பிரயோசனமானத மட்டுந்தான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். உன் மெசினுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்கு." சொல்லிவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார். "படிக்கப் படிக்க நானே கண்டுபிடிச்ச மாதிரி ஆயிருச்சு. இப்ப இது என்னோடதுதான்."

கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில் நிரூபணத்தை எழுதினார். எந்த மாணவியும் பேனா பிடித்து வரி வரியாகச் சரிபார்க்கலாம். நான் இண்டெக்ஸ் பற்றி ஒரு பகுதி எழுதினேன். இருவர் பெயரும் போட்டு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். நன்றி சொல்லும் பகுதியில் என் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கணவரிடம் கேட்டோம்.

"நான் என்னங்க டீச்சர் பண்ணேன். நின்னேன், அவ்வளவுதான்."

"அந்த எடத்துல நின்னீங்கள்ல அண்ணே" என்றார் அவர். பெயர் சேர்ந்துவிட்டது.

பதில் வர மாதக்கணக்கானது. அதற்குள் அந்தக் கோடை போய் அடுத்த கோடையும் வந்துவிட்டது. இரண்டு குடும்பமும் சேர்ந்து கொடைக்கானல் போவதென்று கிளம்பினோம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஒரே நெரிசல். பலாப்பழ வாசனையும் டீசல் புகையும். அவருடைய அம்மாவுக்கு ஒரு பெஞ்சில் என் கணவர் இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தோழி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து போனைப் பார்த்தவர், கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

"என்னடி?"

"ஏத்துக்கிட்டாங்க."

போனை என்னிடம் நீட்டினார். கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம், சிறு திருத்தங்கள் மட்டும் வேண்டும் என்றிருந்தது. கீழே, மதிப்பிட்டவர் எழுதியிருந்த குறிப்பில், இண்டெக்ஸ் பகுதியில் தரப்பட்டிருக்கும் மூன்றாவது எடுத்துக்காட்டு தேவைதானா என்று ஒரு கேள்வி.

"தேவையில்லதான். எடுத்துரலாம்" என்றேன் நான்.

"எது? அது போச்சுன்னா அந்தப் பகுதியே புரியாது. அது இருக்கணும்."

"ரெண்டாவதுலயே எல்லாம் வந்துருதுல்ல."

"எங்க வந்துருது? அதுல ஒரு பிரிவுதான் இருக்கு. நீ உக்காரு, நான் எழுதிக் காட்டுறேன்." ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். நான் பக்கத்தில் குந்தினேன்.

எங்கள் பஸ் வந்தது, நிரம்பியது, போயிற்று. கணவர் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வண்டிக்கு முக்கா மணி நேரம் ஆகுமாமுங்க" என்றார். "பழம் உரிச்சுத் தரட்டுங்களா?"

என் தோழி தலையைத் தூக்காமலே கையை நீட்டினார்.